பெற்றோருக்கு: அரையாண்டுத் தேர்வு, பொங்கல் விழா, அப்புறம் காய்ச்சல்

காரைக்குடி
22.01.2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிவுகள் திருப்தியாகவே இருக்கின்றன. பொங்கல் விழாவில் கோலம், கும்மி, உறியடி எல்லாம் நன்றாக நடந்தன. விளையாட்டிலும் பரிசுகள் வந்திருக்கின்றன. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3, பத்தாம் வகுப்புக்கு மார்ச் 28. எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை ஆசிரியை என் அறைக்கு அழைத்து வந்தார். நெற்றி கொதித்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். "காலையிலேயே இருந்துச்சு சார். அம்மா மருந்து குடுத்தாங்க, விட்டுருச்சு" என்றான். பாரசிட்டமால் நாலு முதல் ஆறு மணி நேரம் காய்ச்சலை அமுக்கி வைக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. அதற்குள் அவனுடைய தண்ணீர் பாட்டிலில் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் வாய் வைத்துக் குடித்திருந்தார்கள். அன்று மட்டும் இப்படி நாலு பேர்.

இன்னொரு பக்கம், இந்த மாதம் 6ஆம் தேதி பெங்களூரில் இரண்டு குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. என்ற சளிக்காய்ச்சல் வைரஸ் உறுதியானதிலிருந்து வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் 'புதுக் கொரோனா', 'பள்ளிக்கு லீவு' என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இது புது வைரஸ் இல்லை. 2001இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே மனிதர்களிடம் சுற்றி வந்திருக்கிறது. ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது வந்து போயிருக்கும். 2020இல் கொரோனாவுக்கு நம் யார் உடம்பிலும் எதிர்ப்புச் சக்தி இல்லை. இதற்கு ஓரளவு இருக்கிறது. சென்னையிலும் சேலத்திலும் தலா ஒருவருக்கு வந்தபோதும், பதற வேண்டாம் என்றுதான் அரசு சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் செய்திகளை அனுப்பும் வீடுகளிலிருந்தே மருந்து குடித்த பிள்ளைகளும் வருகிறார்கள்.

பதற வேண்டாம் என்றால் கண்டுகொள்ள வேண்டாம் என்று பொருள் இல்லை. இருமல், தும்மல், சளி பட்ட கை, இவற்றால்தான் பரவுகிறது. தடுப்பூசியோ தனி மருந்தோ கிடையாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும், போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் எந்த வைரஸுக்கும் கேட்காது. நம் ஊரில் பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஐயாவும் அப்பத்தாவும். பையன் நாலு நாளில் விளையாடப் போய்விடுவான். அதே சளி 65 வயது தாண்டியவர்களுக்கும், கைக்குழந்தைக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நிமோனியா வரை போகலாம்.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மட்டுமே பள்ளிக்கு அனுப்புங்கள். அலுவலகத்திலிருந்து போன் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது வந்து அழைத்துப்போக வேண்டும். "சாயங்காலம் வேனிலேயே வரட்டும் சார்" என்ற பதிலை இனி ஏற்க முடியாது. அந்த வேனில் இன்னும் இருபது பிள்ளைகள் வருகிறார்கள்.

இதில் எங்கள் தப்பும் உண்டு. ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவந்தோம். அதற்காகவே காய்ச்சலோடு வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த ஆண்டு அந்தச் சான்றிதழ் கிடையாது. உடம்பு சரியில்லாமல் தேர்வு எழுதாதவர்களுக்கு மறுபடி நடத்துவோம். விடுப்புக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தால் போதும்.

மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் குடும்பங்கள் ஒரு சோப்பும் முகக்கவசமும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இருமும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் நடக்கும் குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு வர வேண்டாம்.

போன் செய்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்த அத்தனை பேருக்கும் நன்றி. அந்த மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா அரை மணி நேரத்தில் வந்தார். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். "எழுதுங்க சார், நானே செஞ்சது தப்புதான்" என்றார். பையனுக்கு நேற்றிரவு காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்