விழா முடிந்தது, நன்றி பாக்கி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

மே 5ஆம் தேதி நடந்த நம் நர்சிங் மாணவர் விருது விழாவில் நன்றியுரைக்கு எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் பக்கத்தை வாசித்து முடிப்பதற்குள் ஹாலின் பின்பக்கம் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பளம் பொரிக்கிற வாசனை வந்த பிறகு நன்றியுரையை யார் கேட்பார்கள்? நானே கேட்டிருக்க மாட்டேன். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. போட்டால் யாராவது ஒருவர் விட்டுப்போவார், அப்புறம் அடுத்த மே மாதம் வரை எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் பணம் கொடுத்தவர்கள். மஸ்கட்டிலிருந்தும் டப்ளினிலிருந்தும் அனுப்பியவர்களுக்கு நன்றி. உங்கள் தொகைதான் பெரியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒரு தங்கை மாதம் தவறாமல் 200 ரூபாய் போட்டுக்கொண்டே வந்தாள். "உனக்கு நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் கொடு" என்று ஒருமுறை சொன்னேன். "எனக்கு மட்டும் எதுக்கு மேடம் சலுகை?" என்று கேட்டாள். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

விழாவை ஏன் மே 12இல் வைக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். அது நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள், உலக செவிலியர் தினம்; அன்றைக்கு எல்லா இடத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மே 5 உலக மகப்பேறு செவிலியர் தினம். அது நம் ஆட்கள் பாதிப் பேருக்கே ஞாபகம் இருப்பதில்லை. சென்னையில் பிரசவம் பார்க்கும் பயிற்சி 1854இலேயே வந்துவிட்டது, செவிலியர் பயிற்சி 1871இல்தான். 1926இல் வந்த மதராஸ் செவிலியர், மகப்பேறு செவிலியர் சட்டத்தின் பெயரிலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள். (முதலாண்டு வாய்மொழித் தேர்வில் இந்த மூன்று வருடங்களையும் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.) இன்றைக்கும் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால் நீங்கள் 'ரெஜிஸ்டர்டு நர்ஸ்', 'ரெஜிஸ்டர்டு மிட்வைஃப்' இரண்டும்தான். இரண்டாவது பாதியை மட்டும் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அதனால்தான் மே 5.

அடுத்து, என்னைக் கேள்வி கேட்ட லேபர் வார்டு சிஸ்டருக்கு. முதல் வருட விழாவில் பல்கலைக்கழக மதிப்பெண்ணை மட்டும் பார்த்து விருது கொடுத்தோம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "மார்க்குக்குக் கொடுத்தீங்க, சரி. ராத்திரி மூணு மணிக்கு அந்தப் பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு எங்களைக் கேட்டீங்களா மேடம்?" கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மாணவிகள் பார்த்த பிரசவங்களை எழுதி வைக்கும் கேஸ் புக்கில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்டவள் நான். 20 பிரசவம் பார்த்தாளா என்று எண்ணினேன், எப்படிப் பார்த்தாள் என்று கேட்டதில்லை.

இந்த வருடம் பாதி மதிப்பெண்ணை வார்டுக்குக் கொடுத்தோம். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு தாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முன் கையைச் சூடாக்கிக்கொண்டாளா, திரையை இழுத்துவிட்டாளா, குழந்தையின் இதயத் துடிப்பை முழுதாக ஒரு நிமிடம் கேட்டாளா, தொப்புள்கொடியை அவசரப்பட்டு வெட்டாமல் பொறுத்தாளா, முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க உதவினாளா, இப்படி. நைட் டூட்டி ஸ்டாஃபுகள்தான் அத்தனையையும் நிரப்பினார்கள். ஒரே ராத்திரியில் எத்தனை பிரசவம் வரும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் நான் கொண்டுபோய் நீட்டியது இன்னொரு ஃபாரம். சபித்திருப்பார்கள், நியாயம்தான். ஆனால் பெட்டாடின் கறையோடும் டீக்கறையோடும் தாள்கள் அத்தனையும் திரும்பி வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அதில் ஒரு தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'குறிப்பு' என்ற இடத்தில் மூன்றே சொற்கள்: "கட்டத்தைக் காலியாக விட்டாள்." எனக்குப் புரியவில்லை, நேரில் போய்க் கேட்டேன். பிரசவ வலி மும்முரமான பிறகு அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் துடிப்பைக் கேட்டு, பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கும் வரைபடத்தாளான பார்ட்டோகிராஃபில் புள்ளி வைக்க வேண்டும். அன்று பக்கத்துக் கட்டிலில் அவசரம், இவள் அங்கே ஓடிவிட்டாள். இரண்டரை மணிக்குக் கேட்க வேண்டியது விட்டுப்போயிற்று. மூன்று மணிக்குக் கேட்டுப் புள்ளி வைத்தாள். இரண்டரைக்கு ஒரு 140 போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, கோடும் அழகாகச் சேர்ந்திருக்கும். அவள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, ஸ்டாஃபிடம் போய், "சிஸ்டர், இதை நான் பார்க்கலை" என்று சொல்லியிருக்கிறாள். பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து பார்ட்டோகிராஃபை மொத்தமாக வரைந்து முடிக்கும் பழக்கம் நமக்கெல்லாம் தெரியாததா? படித்த காலத்தில் நானும் அப்படி 140 போட்டவள்தான். மகப்பேறு செவிலியத்துக்கான விருது அந்தக் காலிக் கட்டத்துக்குப் போயிற்று. மூன்று சொல்லில் அதை எழுதி வைத்த ஸ்டாஃபுக்குத் தனியாக நன்றி. திட்டி அனுப்பியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த இரண்டு தேர்வாளர்களுக்கு நன்றி. பயணப்படி வாங்க மாட்டேன் என்றார்கள். ஊருக்குத் திரும்பும்போது அல்வாப் பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் செய்த வேலையைச் சொல்கிறேன். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளந்து, பொம்மைக்கு அடியில் பேடிலும் துணியிலும் ஊற்றி வைத்துவிட்டு, "எவ்வளவு ரத்தம் போயிருக்கும்?" என்று கேட்டார். ஊற்றியது 600 மில்லி. பெரும்பாலானவர்கள் 300 என்றார்கள், ஒருத்தி 250. கண்ணால் பார்த்துச் சொன்னால் எப்போதும் குறைவாகத்தான் வரும், நமக்கும் அப்படித்தான். சுகப்பிரசவத்தில் 500 தாண்டினாலே அது பெரும் உதிரப்போக்கு. தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆனாலும் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். நாட்டு அளவில் 97. தாய்மார் சாவுக்குப் பெரிய காரணம் இந்த உதிரப்போக்குதான். 300 என்று நினைத்து நிற்பவளும் 600 என்று தெரிந்து ஓடுபவளும் ஒன்றா?

டிப்ளமோ மாணவி ஒருத்தி மட்டும் பதில் சொல்லவில்லை. "மேடம், தராசு இருக்கா?" என்று கேட்டாள். நனைந்த துணியை எடை போட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. சரியான பதில். ஆனால் எங்களிடம் தராசு இல்லை! தேர்வு வைத்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஆள் அனுப்பினோம். மெஸ் அக்கா கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த டிஜிட்டல் தராசை அப்படியே பிடுங்கிக் கொடுத்தார். "மேலே பிளாஸ்டிக் கவர் போட்டுக்கோங்கம்மா" என்று ஒரே ஒரு நிபந்தனை. அக்கா, உங்களுக்கு மேடையிலேயே சால்வை போட்டிருக்க வேண்டும். டிப்ளமோ பிரிவின் விருது உங்கள் தராசில்தான் முடிவானது.

நர்சிங் விருது வாங்கிய பையனுக்கு வாழ்த்து. பையன்களை லேபர் வார்டில் சேர்த்துக்கொள்ள வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். "பரவாயில்லை, தம்பி நிக்கட்டும்" என்று சொன்ன தாய்மார்களுக்கு என் கும்பிடு. மற்ற தாய்மார்களுக்கும்தான். பிள்ளை பெற்று ஒரு நாள்கூட ஆகாத உடம்போடு எங்கள் கேள்விக்குப் பதில் சொன்னீர்கள்.

வார்டு ஆயா அக்காவிடம் போகிற போக்கில், யார் நல்ல பிள்ளை என்று கேட்டேன். "அந்த ஒல்லிப் பொண்ணு. அது வந்து இடுப்பைத் தேய்ச்சு விட்டா அம்மாங்க கத்துறது குறையுது" என்றார். அந்த ஒல்லிப் பெண்ணுக்கு விருது கிடைக்கவில்லை. இடுப்பைத் தேய்ப்பதற்கு எங்கள் தாளில் இடமே இல்லை. இதில் தப்பு எங்கள் பக்கம்தான். அடுத்த வருடத் தாளில் ஆயா அக்காவுக்கு ஒரு கட்டம் போட்டாயிற்று.

மதிப்பெண்ணில் முதலாவதாக வந்தும் மேடை ஏறாத மாணவிக்கு ஒரு வார்த்தை. உன் அப்பா என்னிடம் வருத்தப்பட்டுப் பேசினார், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. நீயோ அன்று வாசலில் நின்று பன்னீர் தெளித்தாய், மேடை ஏறியவளுக்குப் புடவைப் பின் குத்திவிட்டாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சான்றிதழ் அடித்துக் கொடுத்த அச்சகத் தம்பிக்கும் நன்றி. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். "மேடம், மகப்பேறுக்கு ஒத்தைக் கொம்பா ரெட்டைக் கொம்பா?" நாங்கள் அனுப்பிய ஃபைலில் ஒற்றைக் கொம்புதான் இருந்தது. அவர் கேட்காமல் அடித்திருந்தால் சான்றிதழ் முழுக்க 'மகப்பெறு' என்று கட்டளை போட்டிருப்போம்.

பந்தி பரிமாறிய முதலாண்டுப் பிள்ளைகள், ஜெனரேட்டர் பார்த்துக்கொண்ட வாட்ச்மேன் அண்ணன், குத்துவிளக்குக் கொடுத்த எதிர்வீட்டு அம்மா, எல்லோருக்கும் நன்றி. வரவுசெலவுக் கணக்கு குழுவில் போட்டிருக்கிறேன். 1,840 ரூபாய் மிச்சம் இருக்கிறது. அதில் ஒரு தராசு வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
விருதுக் குழுவுக்காக,
உங்கள் பழைய ட்யூட்டர்