அது அகஸ்டஸ் காசு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கொங்கு நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் படத்தின் கீழே ‘அகஸ்டஸ் காசு’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது அவருக்கு அடுத்து ஆட்சிக்கு வந்த டைபீரியஸ் வெளியிட்டது.

குழப்பம் எங்கே நேர்ந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. தலையைச் சுற்றி ஓடும் எழுத்துகளில் ‘அகஸ்டஸ்’ என்ற சொல் பளிச்சென்று கண்ணில் படுகிறது. அது பின்னால் வந்த பேரரசர்களும் சூடிக்கொண்ட பட்டம். சொற்றொடரின் தொடக்கத்தில் டி, ஐ என்று இரண்டே எழுத்துகள் இருக்கும். ஆளைச் சொல்வது அவைதாம். அடுத்து, ‘தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன்’ என்று தகப்பன் பெயர் சுருக்கமாக வருகிறது. நம் ஊர் இனிஷியல் மாதிரி!

எழுத்தோடு மல்லுக்கட்டுவதைவிடக் காசைத் திருப்பிப் பார்ப்பது சுலபம். அகஸ்டஸ் காசுகளில் நம் பக்கம் அதிகம் கிடைக்கும் வகையின் பின்புறம், அவருடைய மகள் வயிற்றுப் பேரர்களான காயஸும் லூசியஸும் நிற்பார்கள். இடையில் கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். டைபீரியஸ் காசிலோ ஒரு பெண் செங்கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்திருப்பாள். உங்கள் படத்தின் ஓரத்தில் பாதி தெரிவது அவளேதான். “இராயனுடையதை (ரோமப் பேரரசனுடையதை) இராயனுக்கும்” என்று இயேசு சொன்னபோது கையில் இருந்தது இந்த வகைக் காசு என்பது நெடுநாள் கருத்து.

கட்டுரையாளர் எடையைச் சொல்லாமல் விட்டது எனக்குக் குறையாகவே பட்டது. இவ்விரு வகைகளும் அதிகம் தேயாமல் இருந்தால் 3.8 கிராமை ஒட்டி நிற்கும். 2011-ல் வந்த நம் ஒரு ரூபாய் நாணயத்தின் எடைதான். கி.பி. 64-ல் பேரரசர் நீரோ எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்த பிறகு அது 3.4 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது.

‘பச்சைக் களிம்பு தெரிந்தால் போலி’ என்ற வரியையும் ஏற்க முடியவில்லை. செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்த கள்ளக் காசு அந்தக் காலத்திலேயே புழங்கியது. தகடு தேய்ந்த இடத்தில் களிம்பு எட்டிப் பார்க்கும். அதுவும் பழையதுதான். இன்றைய போலிகள் பெரும்பாலும் வார்ப்பு. விளிம்பில் அச்சு சேர்ந்த கோட்டையும் மேற்பரப்பில் ஊசி முனைக் குழிகளையும் லென்ஸில் தேடலாம்.

எங்கள் உறவினர் வீட்டில் பூசைப் பெட்டியில் தலைமுறையாகக் கிடந்த ஒரு காசை, நான் பார்க்க வருகிறேன் என்று தெரிந்ததும் புளி போட்டு விளக்கி வைத்துவிட்டார்கள். பளபளத்தது, எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. இருவரா, அமர்ந்த பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

அடுத்த முறை இரு புறங்களின் படத்தையும் எடையையும் சேர்த்து வெளியிடுங்கள். மண்ணில் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

— ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், கரூர்