பீட்டக்கில் ரயில் நிற்கட்டும்

ஸ்காட்லாந்து அரசின் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபதைத் தாண்டிய என் அம்மாவை மொஃபட் ஊருக்கு அழைத்துப் போய்த் திரும்பிய கையோடு இதை எழுதுகிறேன்.

கிளாஸ்கோவில் ரயில் ஏறினோம். மலைச்சரிவில் இறங்கிய ரயில் பீட்டக் கிராமத்தைக் கடந்தபோது, "இங்கிருந்து மொஃபட் இரண்டே மைல்தான்" என்று ஜன்னல் வழியாகக் காட்டினேன். "பிறகு ஏன் இங்கே இறங்கவில்லை?" என்று கேட்டார் அம்மா. ரயில் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே ஓடி லாக்கர்பியில் நின்றது. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்து, வந்த வழியையே மறுபடி வடக்கே அளந்தோம்.

பீட்டக் நிலையம் 1847-இல் திறக்கப்பட்டு 1972 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கிருந்து மொஃபட்டுக்குப் போன கிளைப்பாதையில் 1954-லேயே பயணிகள் ரயில் நின்றுவிட்டது. ஊருக்குள் இன்றும் 'ஸ்டேஷன் பார்க்' இருக்கிறது. 1882-இல் இவ்வூரில் பிறந்த விமானப்படைத் தளபதி ஹியூ டவுடிங்கின் நினைவுச்சின்னமும் அங்கேதான். ஸ்டேஷன்தான் இல்லை.

நாங்கள் தேடிப் போனது ஊற்றை. 1633-இல் ரேச்சல் வைட்ஃபோர்ட் என்ற பெண்மணி இந்தக் கந்தக நீரைக் கண்டறிந்தார் என்கிறார்கள். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நோயாளிகள் இங்கே வந்து குவிந்தார்கள். ஊற்று நீரைக் குழாய் வழியாக ஊருக்கே இறக்கி, 1827-இல் குளியல் மாளிகை கட்டினார்கள். இன்று அது நகர மண்டபம். ஊற்றோ ஊரிலிருந்து ஒன்றரை மைல் மேட்டில் இருக்கிறது. வாடகைக் காரில் போனோம். சின்னஞ்சிறு கல் கட்டிடம். நெருங்கும்போதே அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. அம்மா முகம் சுளிக்கவில்லை. குளிர்ந்த நீரில் கைக்குட்டையை நனைத்து, பிழிந்து, வலது முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலி குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. அந்த முகத்தில் இருந்த அமைதியே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் பஸ் நேரத்தைப் பார்த்து, கால் மணி நேரத்தில் நானே அவரை எழுப்ப வேண்டியதாயிற்று. காதில்லாத செம்மறிக் கிடாவின் சிலை நிற்கும் கால்வின் நீரூற்றை நடந்தபடியே பார்த்தோம். பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவே நேரமில்லை. சாலை போடுவதையே மாற்றியமைத்த ஜான் மெக்கடம் அங்கே உறங்குகிறார். 'மெக்கடம் சாலை' என்ற சொல்லை எங்கள் ஊர்ச் சாலைப் பணியாளர்களும் அறிவார்கள்.

விரைவு ரயில்கள் ஓடும் செங்குத்தான தடத்தில் ஒரு நிறுத்தம் கூடினால் நிமிடங்கள் இழப்பாகும் என்பது எனக்கும் புரிகிறது. எல்லா ரயில்களையும் நிறுத்தச் சொல்லவில்லை. லாக்கர்பியில் நிற்கும் ரயில்களில் காலையில் இரண்டும் மாலையில் இரண்டும் பீட்டக்கிலும் நின்றால் போதும். அவற்றின் நேரத்துக்கு மொஃபட்டிலிருந்து ஒரு சிறு பஸ் வந்து போகட்டும். தண்டவாளம் அங்கேயே இருக்கிறது. பீட்டக்கில் ரயில் நிற்க வேண்டும் என்று அப்பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். கார் ஓட்ட முடியாத முதியவர்களுக்கும் கார் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் அந்த ஊர் கண்ணுக்கு எட்டியும் காலுக்கு எட்டாமல் இருக்கிறது.

அம்மா அடுத்த வேனிலிலும் வர ஆசைப்படுகிறார். பீட்டக் நிலையத்தை மீண்டும் திறக்க ஆவன செய்யுமாறு உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு பயணி