ஹீட் டிரான்ஸ்ஃபர்ல அரியர் வெச்சவன் எழுதறேனுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

இஞ்சினியரிங் முடிச்சவனெல்லாம் சம்பந்தமில்லாத வேலைக்குப் போறான், நாலு வருசமும் காசும் தெண்டம்னு போன இதழ்ல போட்டிருந்தீங்க. காசு விசயத்துல எனக்கும் ஆத்தாமை இருக்குதுங்க, எங்கப்பா ரெண்டு எருமைய வித்து அதுவும் பத்தாம லோன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டுனாரு. நாலு வருசம் எதுக்கு, ரெண்டு போதும்னு நம்ம கோயமுத்தூர்ல அந்தக் காலத்துலயே சொன்னவரு விஞ்ஞானி ஜி.டி.நாயுடு. 1945-ல அப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்த ஆர்தர் ஹோப் பேருல இஞ்சினியரிங் காலேஜ் வரக் காரணமா இருந்தவரே இதுக்காக சண்டை போட்டு வெலகிட்டாரு. அந்தக் காலேஜ் தடாகம் ரோட்டுக்குப் போயி ஜிசிடி, அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிருச்சு, ஹோப் காலேஜ்ங்கறது இப்ப வெறும் பஸ் ஸ்டாப் பேரு.

ஆனா சம்பந்தமில்லாத வேலைன்னு எத வெச்சுங்க சொல்றீங்க? நான் மெக்கானிக்கல், 2006-ல சேந்த செட்டு. கேம்பஸ்ல ஒண்ணும் கெடைக்கல. 2010-ல திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறைல 6,500 சம்பளத்துக்குச் சேந்தேன், வேலை என்னன்னா லாரி வந்தா உப்பு மூட்டை எண்ணறது. ஒறம்பரை கேட்டா அம்மா "கம்பெனில இஞ்சினீரா இருக்கான்"னு சொல்லும், நான் அக்கட்ட நவுந்துக்குவேன். 2011 ஜனவரில சாயக்கழிவு ஒரு சொட்டு வெளிய போகக்கூடாதுன்னு ஹைகோர்ட் பட்டறைகள மூடச் சொல்லிருச்சு. இருந்த வேலையும் போச்சு. (தப்புன்னு சொல்ல மாட்டேன், நொய்யல் கரைல எங்க அம்முச்சி தோட்டத்துக் கெணத்துத் தண்ணிய மாடே குடிக்காது.)

பொறவு பட்டறை தொறக்கணும்னா கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ற ஆர்ஓ வேணும், அதுல மிஞ்சற உப்புத் தண்ணிய காச்சி உப்பா எடுக்க எவாப்பரேட்டர் வேணும்னு ஆச்சு. அதப் பாத்துக்க ஆள் தேடுனாங்க, மெக்கானிக்கல்னு சொன்னதும் என்னய அதுல தள்ளிவிட்டாங்க. ஒரு நாள் தண்ணி ஆவியாகறது பாதியாக் கொறஞ்சு போச்சு. பாய்லர்ல இருவது வருசம் இருந்த அண்ணன் ஸ்டீம் பத்தல, வெறகு எச்சாப் போடுன்னாரு. போட்டோம், வெறகுதான் தீந்துது. ஸ்டீம் பிரசர் சரியா இருக்குது, உள்ள காத்த உறிஞ்சி வெச்ச வேக்குவம் சரியா இருக்குது, டியூபு எண்ணிக்கை மாறல, அப்பறம் சூடு எங்கதான் போவுதுன்னு உப்பு பில்லுக்குப் பின்னால கணக்குப் போட்டுப் பாக்கறேன், அது ஆறாவது செமஸ்டர் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல, சூடு ஒண்ணுலிருந்து இன்னொண்ணுக்கு எப்படிக் கடக்குதுங்கற பாடத்துல, ஃபார்முலா போட்ட டேட்டா புக்க கையில வெச்சுக்கிட்டே நான் ஃபெயிலான அதே கணக்கு! டியூபுக்குள்ள சூடு கடக்க முடியாம ஏதோ அடைக்குதுன்னு தோணுச்சு. நிறுத்திக் கழட்டுனா உள்ள அஞ்சு ரூவா காசு கனத்துக்கு வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிருக்குது. அண்ணன் எட்டிப் பாத்துட்டு "நானும் அதத்தான் நெனச்சேன் கண்ணு"ன்னாரு.

அவரச் சும்மா சொல்லக்கூடாதுங்க. ஸ்க்ரூ டிரைவர பம்பு மேல ஊனி கைப்பிடிய காதுல வெச்சு பேரிங் போகப்போவுதுன்னு சொல்லுவாரு, அத எந்த செமஸ்டர்லயும் எனக்குச் சொல்லித்தரல. அவரு காதும் என்ற கணக்கும் சேந்துதான் பிளான்ட் ஓடுச்சு. ஆனா அடுத்த வருசம் சம்பளம் ஏறுனது எனக்கு, அவருக்கில்ல, டிகிரி செஞ்ச வேலைல அதுவும் ஒண்ணு. எனக்கே அது நாயமாப் படல.

இப்ப ஆள் எடுக்கறது நாந்தானுங்க. வர்ற பசங்க பயோடேட்டால எண்பது எண்பத்தஞ்சு பர்சன்ட் போட்டிருப்பான். நான் ஒரே கேள்விதான் கேப்பேன், நூறு டிகிரிக்குக் கீழ தண்ணி கொதிக்குமா? எவாப்பரேட்டரோட சூட்சுமமே அதுதான், வேக்குவம் இழுத்தா காத்தழுத்தம் கொறஞ்சு கொறஞ்ச சூட்டுலயே தண்ணி கொதிச்சிரும். முக்காவாசிப்பேரு முழிப்பாங்க. போன மாசம் நாலு அரியர் வெச்ச ஒரு பையன் வந்தான், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "கோத்தகிரி மலை மேல எங்க அத்தை ஊட்டுல சட்டில வெச்சா பருப்பு சீக்கிரம் வேகாதுங்ணா, தண்ணி தளதளன்னு கொதிச்சாலும் சூடு பத்தாதும்பாங்க, அதானுங்களா இது?"ன்னான்.

திங்கக்கெழமையிலிருந்து வந்துட்டிருக்கான்.

இப்படிக்கு,
ஊத்துக்குளி வாசகன்