பதினொரு வரி

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபிக்காதே. "இன்னுமா அந்தக் கம்பைலரையே கட்டிக்கிட்டு அழுற?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தரும் அதே மென்பொருள்தான். போன மாதம் நிஜமாகவே அழ வைத்துவிட்டது.

நம் காலேஜ் லேப் ஞாபகம் இருக்கிறதா? டர்போ சி-யின் நீலத் திரையில் 'வாய்ட் மெயின்' என்று அடித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கினோம். அதையே ஹாஸ்டலில் லினக்ஸ் சிடி போட்டு ஜிசிசி என்ற கம்பைலரில் ஓட்டினால், மெயின் 'வாய்ட்' ஆக, அதாவது எதுவும் தராததாக, இருக்கக் கூடாது, 'இன்ட்', அதாவது ஒரு முழு எண், தரணும் என்று எச்சரித்தது. வாத்தியார் தப்பா, கம்பைலர் தப்பா என்று ராத்திரி இரண்டு மணி வரை சண்டை. 1987-இலேயே வந்த அந்த ஜிசிசியின் மூலநிரலை யாரும் திறந்து பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். என் கெட்ட நேரம், திறந்து பார்த்துவிட்டேன்.

இப்போது பிழைப்பு எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பில். 2000-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சி, ரஸ்ட், ஸ்விஃப்ட் என்று எந்த மொழியில் எழுதிய நிரல் வந்தாலும் பொதுவான ஓர் இடைமொழிக்கு மாற்றி, அதை வேகமாக ஓடும்படி செதுக்கி, சிப்புக்கு ஏற்ற கட்டளையாக்கும். செதுக்கும் இடத்தில்தான் நான்.

அங்கேதான் சொதப்பினேன். (அ+ஆ)+இ என்பதை அ+(ஆ+இ) என்று மாற்றினால் சில இடங்களில் வேகம் கூடும். பள்ளிக்கூடக் கணக்குதானே? ஆனால் 32 பிட் இன்ட்டில் அடங்கும் உச்ச எண் 2147483647, அதைத் தாண்டினால் வழிந்துவிடும். அ = -5, ஆ = அந்த உச்சம், இ = 1 என்று வை. பழைய வரிசையில் எங்கேயும் வழியாது. புது வரிசையில் ஆ+இ கூட்டிய உடனே வழிந்துவிடும். மாற்றிய நான், 'இது வழியாது' என்ற பழைய முத்திரையை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்து வந்த கட்டங்கள் முத்திரையை நம்பி, யாரோ பத்திரமாக எழுதி வைத்திருந்த ஒரு சோதனையையே தேவையில்லை என்று தூக்கி எறிந்துவிட்டன.

நான் இங்கே சிங்கப்பூரில் படுக்கப் போகும்போதுதான் கலிஃபோர்னியாவில் இருக்கும் சகாக்கள் வேலைக்கு வருவார்கள். காலையில் ஈசூனில் ரயிலேறி ஃபோனைத் திறந்தால், என் மாற்றத்தைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. கூடவே பதினொரு வரி. முன்பின் தெரியாத ஒருவர், ஆயிரக்கணக்கான வரியுள்ள தன் நிரலை, பிழை மட்டும் மிஞ்சும்படி வெட்டி வெட்டி அத்தனை சிறிதாக்கி அனுப்பியிருந்தார். ஒரு திட்டு கிடையாது. திட்டியிருந்தால்கூடத் தேவலை, அந்தப் பதினொரு வரியைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் வெட்கம். திருத்தம் என்னவோ அந்த முத்திரையை எடுத்துவிடும் ஒரே வரிதான். அதற்கான டெஸ்ட் எழுதவே இரண்டு நாள் பிடித்தது.

உன் மாணவன் இந்தத் துறைக்கு வரலாமா என்று கேட்டாயே. வரட்டும். ஆனால் வந்ததும் புது ஆப்டிமைசேஷன் (நான் சொன்ன அந்தச் செதுக்கல்) எழுதுகிறேன் என்று குதிக்க வேண்டாம். யாரோ புகார் சொல்லிப் போட்டிருக்கும் ஒரு பிழையை எடுத்துப் பத்துப் பதினைந்து வரிக்குச் சுருக்கிக் கொடுக்கட்டும். அனுப்பிய மாற்றத்துக்கு ஒரு வாரம் பதிலே வராது. வெட்கப்படாமல் மறுபடி ஞாபகப்படுத்தக் கற்றுக்கொள்ளட்டும். பொறுமை இல்லாதவனுக்கு இங்கே சம்பளம் கிடைக்கலாம், தூக்கம் கிடைக்காது.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? தேக்காவில் பிரியாணி என் செலவு. அந்த ரெக்கார்டு நோட்டு பரணில் இருந்தால் கொண்டு வா. அந்த 'வாய்ட்'டை அடித்து 'இன்ட்' என்று எழுத வேண்டும்.

உன்
பழைய ரூம்மேட்