படகு பைபரில் வில் செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே வில் செய்யும் முறை பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இறக்குமதி வில்லை வாங்க முடியாத பிள்ளைகளுக்கு ஒரு வழி காட்ட வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிந்தது. ஆனால் படகு பைபர் பட்டறையில் கிடைக்கும் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பையும், ரெசின் என்ற இறுகும் பிசினையும் வாங்கி, மெல்லிய மரச் சட்டத்தின் இருபுறமும் பூசினால் வில் தயாராகிவிடும் என்று அதில் சொல்லியிருந்தது தவறு. இளைஞர்கள் அதைப் படித்துவிட்டு இறங்கிவிடுவார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. பைபர் வேலை தெரிந்த கைகள் இன்று கரையோர ஊர்களில் தாராளமாக இருக்கின்றன. அந்தத் திறமை மதிப்புள்ளது. ஆனால் படகின் தேவை வேறு, வில்லின் தேவை வேறு. அலை எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் படகின் உடல் தாங்க வேண்டும். அதனால்தான் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும் மேட்டையும், குறுக்கும் நெடுக்குமாக நெய்த வோவன் ரோவிங்கையும் மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். வில்லின் லிம்ப், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் கை, ஒரே திசையில்தான் வளைகிறது. இலக்கைப் பார்க்கும் முதுகுப்புறம் நீளவாக்கில் இழுபடும். வில்லாளியைப் பார்க்கும் வயிற்றுப்புறம் நீளவாக்கில் நசுங்கும். குறுக்கே ஓடும் இழை இந்த இரண்டு வேலைக்கும் உதவாது, எடையை மட்டும் கூட்டும்.

கணக்கைப் பாருங்கள். நடுவில் 6 மி.மீ. மரம், இருபுறமும் 1 மி.மீ. கண்ணாடி இழைப் பட்டை என்று 8 மி.மீ. தடிமனுள்ள ஒரு லிம்பை எடுத்துக்கொள்வோம். இழை முழுவதும் நீளவாக்கில் ஓடினால் பட்டையின் விறைப்பு சுமார் 40 கிகாபாஸ்கல், மரத்துக்கு 12 அளவில் இருக்கும். பட்டை மையத்திலிருந்து தள்ளி வெளியோரத்தில் இருப்பதால் லிம்பின் மொத்த விறைப்பில் ஐந்தில் நான்கு பங்கை அந்த இரண்டு மெல்லிய பட்டைகளே தருகின்றன. இதே அளவில், முழுதாக இழுக்க 40 பவுண்டு விசை கேட்கும் வில்லில் நெய்த துணியைப் போட்டால் அது 24 பவுண்டுக்கு இறங்கும். மேட் போட்டால் 13 பவுண்டுதான் தேறும். அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. வில் மெத்தென்று இருக்கிறதே என்று இன்னும் இரண்டு அடுக்கு பூசுவார்கள். 400 மி.மீ. ஆர வளைவில் 8 மி.மீ. லிம்பின் வெளித்தோல் 1 சதவீதம் நீளும். அதுவே 11 மி.மீ. ஆனால் 1.4 சதவீதம் நீண்டாக வேண்டும். மேட்டில் உள்ள ரெசின் அந்த அளவை எட்டும் முன்பே உள்ளுக்குள் வெடிக்கத் தொடங்கிவிடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் முழு இழுப்பில், முகத்துக்கு அருகில் முறியும்.

அமெரிக்காவில் 1950-களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங்கில் வில் தயாரிப்பாளர் பிரெட் பேர் போன்றவர்கள் கண்ணாடி இழை வில்லைப் பெருமளவில் கொண்டுவந்தபோது நிலைத்து நின்றதும் ஒருதிசை இழைதான். கொலராடோவின் கார்டன் காம்போசிட்ஸ் நிறுவனம் 'போ-டஃப்' என்ற பெயரில் விற்கும் பட்டையிலும் இழை ஒரே திசையில்தான் ஓடுகிறது. அந்தப் பட்டையை வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிடுவதே நல்லது. வேலை பாதியாகக் குறையும். முடியாதவர்கள் வீட்டில் செய்யலாம். அதற்கு ஒழுங்கான முறை இருக்கிறது.

முதலில் ரெசின். படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின் உறையும்போது 7 சதவீதம் வரை சுருங்கும், மரத்தை எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசின் அளவுக்குப் பிடிக்காது. வில்லுக்கு எப்பாக்ஸி வேண்டும். நம் ஊரில் எளிதில் கிடைப்பது எல்ஒய் 556 ரெசினும், அதை இறுகவைக்கும் எச்ஒய் 951 ஹார்ட்னரும். எடையில் 100-க்கு 10 என்பது விகிதம். 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்துதான் கலக்க வேண்டும். மூடியால் அளப்பது ஆகாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் பட்டை பலவீனமாகும். கலந்ததை ஆழமான குவளையில் விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்கும் கலவை சித்திரை வெயிலில் கால் மணி நேரம்கூடத் தாங்காது. விடியற்காலையில் வேலையைத் தொடங்குவது நல்லது. பாலியெஸ்டர் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

அடுத்தது இழை. 2400 டெக்ஸ் ரோவிங் (நெய்யாத நீள இழைக்கற்றை) கேளுங்கள். அதாவது ஒரு மீட்டர் 2.4 கிராம். எப்பாக்ஸிக்கு ஏற்ற பூச்சு உள்ளதா என்று உருளையின் சீட்டில் பார்த்து வாங்க வேண்டும். பாலியெஸ்டருக்கு மட்டுமான பூச்சு இருந்தால் இழையும் ரெசினும் ஒட்டாமல் உள்ளே பிரியும். மேட்டை எப்பாக்ஸியோடு சேர்த்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: மேட்டைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் அது கரையாது. மேட் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

50 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் உள்ள பட்டைக்கு 28 இழைக்கற்றைகள் வேண்டும். 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு போல்ட்டுகளை ஒரு இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, ரோவிங்கை 14 சுற்று சுற்றினால் 28 வரும். எல்லாச் சுற்றும் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தொய்ந்த கற்றை அச்சுக்குள் பாம்புபோல் நெளியும். நெளிந்த இழை முதுகுப்புறத்தில் பிழைத்துக்கொண்டாலும் வயிற்றுப்புறத்தில் நசுங்கும்போது மடங்கிவிடும். லிம்பின் வயிற்றில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் காரணம். அந்த வில்லை இனி இழுக்கக் கூடாது. ஒரு போல்ட்டைத் திருகால் நகரும்படி வைத்தால், சுற்றி முடித்தபின் மொத்தத்தையும் சற்று இறுக்கிக்கொள்ளலாம்.

அச்சுக்கு 12 மி.மீ. தடிமனுள்ள இரண்டு அலுமினியப் பட்டைகள், 1.9 மீட்டர் நீளத்தில். மெல்லியதாக இருந்தால் கிளாம்ப்களுக்கு நடுவே உப்பும். கீழ்ப்பட்டையின் இரு ஓரங்களிலும் தடிமனைக் கட்டுப்படுத்தும் தகட்டுக் கீற்றுகளை வையுங்கள். நடுவில் 50 மி.மீ. வாய்க்கால் கிடைக்கும். பட்டை அச்சில் ஒட்டாமல் இருக்க ரிலீஸ் வாக்ஸ் ஐந்து முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. மரத்தில் ஒட்டப்போகும் முகத்தில் வாக்ஸ் படவே கூடாது என்பதால் அந்தப் பக்கம் பீல் பிளை என்ற, பிறகு உரித்தெடுக்கும் நைலான் துணியை விரியுங்கள். துணி 0.1 மி.மீ. இருக்கும், ஆகவே ஓரக் கீற்று 1.1 மி.மீ. வேண்டும். இந்தச் சிறு கணக்கை விட்டுவிட்டால் பட்டை 0.9-இல் வந்து நிற்கும்.

2 மீட்டருக்கு இழை 134 கிராம். பட்டையில் தங்கும் ரெசின் சுமார் 54 கிராம். வழிந்து போவதற்கும் சேர்த்து 82 கிராம் ரெசினும் 8.2 கிராம் ஹார்ட்னரும் கலந்தால் போதும். வாய்க்காலில் கிடத்திய இழைமேல் அதைப் பிரஷ்ஷால் குத்தாமல் நீளவாக்கிலேயே தடவி, ரோலரும் நீளவாக்கிலேயே ஓட்டுங்கள். வெள்ளையாக இருந்த ரோவிங் கண்ணாடிபோல் தெளியும்வரை பொறுமை வேண்டும். மேல்பட்டையை வைத்து நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி 10 செ.மீ.க்கு ஒரு சி கிளாம்ப் போடுங்கள். இரு முனையிலிருந்தும் தொடங்கினால் காற்று நடுவில் சிக்கிக்கொள்ளும். ஒரே மூச்சில் இறுக்காமல், மூன்று நான்கு சுற்றாக இறுக்கினால் அதிக ரெசின் குமிழியோடு வெளியேறும். முதல் சில பட்டைகளுக்கு நிறமி சேர்க்காதீர்கள். தெளிந்த பட்டையை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் உள்ளிருக்கும் காற்று முழுவதும் தெரிந்துவிடும்.

ஒரு நாள் கிளாம்பிலேயே கிடக்கட்டும். அதன்பின் சூடு கொடுப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் வெயிலுக்கு அது மிக அவசியம். அறைச்சூட்டில் மட்டும் இறுகிய எப்பாக்ஸி, வெயிலில் நிற்கும் காருக்குள் இளகும். நாணேற்றிய வில் அங்கே இருந்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். பட்டையை அச்சோடு ஒரு பெட்டியில் வைத்து 50 டிகிரியில் 2 மணி, 65-இல் 2 மணி, 80-இல் 4 மணி நேரம் வைத்து, மூடிய பெட்டியிலேயே ஆறவிட வேண்டும். நான்கு 100 வாட் குண்டு பல்புகளும் ஒரு தெர்மோஸ்டாட்டும் சிறு விசிறியும் போதும். பெட்டிக்குள் தெர்மோகோல் ஒட்டாதீர்கள், அந்தச் சூட்டில் அது இளகிவிடும், ராக்வூல் என்ற பாறைப் பஞ்சை வையுங்கள். பெட்டியை விட்டு யாரும் அகலக் கூடாது.

வெளியே எடுத்ததும் வெர்னியரால் 10 செ.மீ.க்கு ஓரிடம் தடிமன் பாருங்கள். இரு பட்டைகளும் 0.1 மி.மீ. கூடினாலே 40 பவுண்டு வில் 44 ஆகிவிடும். மேல் லிம்பும் கீழ் லிம்பும் அப்படி மாறினால் அம்பு நேராகப் போகாது. 0.05-க்குள் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஏற்கலாம். 1.8 மீட்டர் பட்டையின் எடை சுமார் 170 கிராம் இருக்க வேண்டும். தடிமன் சரியாக இருந்து எடை குறைந்தால் உள்ளே காற்றோ இழைக் குறைவோ இருக்கிறது. 500 மி.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகள் மேல் ஒரு துண்டை வைத்து நடுவில் 100 கிராம் எடை ஏற்றுங்கள். 15 முதல் 17 மி.மீ. வரை தாழ்ந்தால் நல்ல பட்டை. 25 தாண்டினால் அதை வில்லுக்குப் போடாதீர்கள். கடைசியாக, ஒரு துண்டை 63 மி.மீ. பிவிசி குழாயைச் சுற்றி வளையுங்கள். வெளித்தோல் 1.5 சதவீதத்துக்குச் சற்று மேல் நீளும். சத்தமோ வெள்ளைப் பூப்போ இல்லாமல் நிமிர்ந்தால் அந்தப் பட்டை வில்லில் தாங்கும். இந்தச் சோதனைக்குக் கண் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம்.

ஒட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. பீல் பிளையை ஒட்டும் நேரத்தில்தான் உரிக்க வேண்டும். உரித்த முகத்தை 80 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். மழைக்காலத்தில் எங்காவது பிசுபிசுப்பு படிந்திருந்தால் முதலில் வெந்நீரால் கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும், கடற்கரை ஊர்களில் இது பெரிய குறை. மெதுவாக உறையும் எப்பாக்ஸிப் பசையே சரி. ஐந்து நிமிடப் பசை வில்லுக்கு ஆகாது. அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுதும் வெளியே வழிந்து இணைப்பு வறண்டுவிடும், ரைசர் என்ற நடுக் கைப்பிடிப் பகுதியின் ஓரத்தில் பட்டை பிரிவது பெரும்பாலும் இதனால்தான். பட்டை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டே செய்யுங்கள். என்95 முகக்கவசமும் நைட்ரில் கையுறையும் வேண்டும். ரெசின் பட்ட கையை அசிட்டோனால் கழுவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், சோப்பும் தண்ணீருமே போதும். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு அந்த வேலையே செய்ய முடியாமல் போகும்.

செய்து முடித்த வில்லைக் கையால் இழுத்துப் பார்ப்பது கூடாது. சுவரில் பொருத்தி, கயிறும் கப்பியும் போட்டு, மூன்று மீட்டர் தள்ளி நின்று இரண்டு இரண்டு அங்குலமாக 28 அங்குலம் வரை இழுத்து விட வேண்டும். டிக் என்ற சிறு சத்தம் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

இந்தத் திருத்தத்தைத் தாங்கள் அதே விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையைப் பார்த்து யாராவது ஏற்கெனவே மேட் வைத்து வில் செய்திருந்தால், நாணைக் கழற்றி, லிம்பை அறுத்துப் போட்டுவிடுங்கள். பழைய வில்தானே, விளையாடட்டும் என்று சிறு பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வில் தயாரிப்பாளர் ஒருவர்,
நாகப்பட்டினம்