‘பழுது இல்லை’ என்று திரும்பி வந்த பிளேயர்

உவர்மலை,
திருகோணமலை.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

விடயம்: எஸ்.ஏ.சி.டி. (சூப்பர் ஓடியோ சீடி என்ற உயர்தர இசை இறுவட்டு) பிளேயரைச் சரிவரச் சோதிக்காமல் திருப்பி அனுப்பியமை, இறுவட்டுக்குச் சேதம் விளைவித்தமை, வாடிக்கையாளரை அவமதித்தமை

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

கடிதம் எழுதும் அளவுக்குப் போகக்கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் பொறுத்திருந்தேன். திருகோணமலைக் கிளையில் கேட்டால் கொழும்புக்குப் போகச் சொல்கிறார்கள். கொழும்பில் கேட்டால் கண்டிச் சேவை நிலையம்தான் பொறுப்பு என்கிறார்கள். கண்டிக்குத் தொலைபேசி எடுத்தால், வாங்கிய கிளையிலேயே ஒப்படையுங்கள் என்று பதில் வருகிறது. கடைசியில் கிளையிலேயே ஒப்படைத்தேன். நேற்று மாலை பிளேயர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, இறுவட்டைப் போட்டுப் பார்த்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது எப்படி இருந்ததோ, அப்படியேதான் இருக்கிறது. கூடவே ஒரு வேலைச்சீட்டு: ‘சோதிக்கப்பட்டது. சீடி இயங்குகிறது. பழுது இல்லை.’ பரிசோதனைக் கட்டணம் 4,500 ரூபாய்.

சீடி இயங்குவது எனக்கும் தெரியும், ஐயா. சீடி இயங்கவில்லை என்று நான் யாரிடம் சொன்னேன்? எஸ்.ஏ.சி.டி. இயங்கவில்லை என்று கிளையில் சொன்னேன், தொலைபேசியில் சொன்னேன், வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டிக்குள்ளும் வைத்தேன். அந்தத் தாள் மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

நீங்கள் விற்ற பொருளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை என்றே நினைத்திருந்தேன். ஆனாலும் சொல்கிறேன். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1999இல் கொண்டுவந்த எஸ்.ஏ.சி.டி.யில் கலப்பு வகை என்று ஒன்று உண்டு. பார்வைக்கு ஓர் இறுவட்டு. உள்ளே இரண்டு படைகள். ஒன்று சாதாரண சீடிப் படை, விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (ஒலியை அளந்து பதிந்த எண்கள்). அதை 780 நானோமீற்றர் லேசர் படிக்கும். மற்றது பாதி ஆழத்தில், 0.6 மில்லிமீற்றரில் இருக்கும் உயர்தரப் படை. அதைப் படிக்க 650 நானோமீற்றர் லேசர் வேண்டும். விநாடிக்கு இருபத்தெட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள், அதாவது சீடியைப் போல் 64 மடங்கு வேகம், அந்தப் படையில்தான் இருக்கின்றன. நான் உங்களிடம் காசு கொடுத்தது அந்தப் படைக்காக. சீடி மட்டும் கேட்பதென்றால் எந்தக் கடையிலும் மலிவாக ஒன்றை வாங்கியிருப்பேனே.

இப்போது நடப்பது இதுதான். கலப்பு இறுவட்டைப் போட்டால் முகப்பில் ‘எஸ்.ஏ.சி.டி.’ என்ற நீல எழுத்து எரிய வேண்டிய இடத்தில், சற்று நேரம் தேடிவிட்டு, ‘சீடி’ என்று எரிகிறது. உயர்தரப் படை மட்டுமே உள்ள ஒற்றைப் படை எஸ்.ஏ.சி.டி.யைப் போட்டால் ‘இறுவட்டு இல்லை’ என்கிறது. டி.வி.டி. ஓடியோவும் ஓடவில்லை, அதற்கும் அதே 650 நானோமீற்றர் லேசர்தான். இறுவட்டைப் படிக்கும் லேசர் ஹெட்டில் உள்ள இரண்டு லேசர்களில் ஒன்று உயிரோடிருக்கிறது, மற்றது போய்விட்டது என்பதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. உங்கள் சேவை நிலையத்தார் ஏதோ ஒரு சினிமாப் பாட்டுச் சீடியைப் போட்டு, பாட்டுக் கேட்டதும் ‘பழுது இல்லை’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தச் சீடியையும் மறந்துபோய்த் தட்டுக்குள்ளேயே விட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழும்புக் காட்சியறையின் சேவை மேசையில் இருக்கும் இளைஞரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இரவு மெயில் ரயிலில் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு, கல்லோயாச் சந்தியில் தூக்கம் கலைந்து, விடியலில் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, கடை திறக்கும்வரை வாசலில் நின்று வந்தவன் நான். அவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அங்கிள், இந்தக் காலத்தில் யார் டிஸ்க் கேட்கிறார்கள்? எல்லாம் போனில் இருக்கிறதே” என்றார். சரி, இளம்பிள்ளை, தெரியாமல் பேசுகிறது என்று விட்டேன். ஒற்றைப் படை இறுவட்டை எடுத்துக் காட்டி, இதைப் போட்டுப் பாருங்கள் தம்பி, ‘இறுவட்டு இல்லை’ என்று வரும் என்றேன். அதை வாங்கி, விரல் முழுவதும் பளபளப்பான பக்கத்தில் பதிய வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, “இது கொப்பி டிஸ்க் அங்கிள், கொப்பி டிஸ்க் ஓடாது” என்று சொல்லிச் சிரித்தார்.

கொப்பி டிஸ்க்! கப்பலில் பொறியியலாளராக இருந்த காலத்தில், யோகோஹாமாவில் நங்கூரமிட்டிருந்தபோது, சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கியது அது. ஆரம்பத்தில் சோனி வெளியிட்டவற்றில் பல, சீடிப் படையே இல்லாமல் வந்தவை என்பது சேவை மேசையில் உட்காருபவருக்குத் தெரியாதா? எஸ்.ஏ.சி.டி.யைப் பிரதி எடுக்கக்கூடாது என்பதற்காகவே, ஒலி பதிந்துள்ள நுண்குழிகளின் அகலத்தைச் சற்றே மாற்றி, சாதாரண கணினி டிரைவ் படிக்க முடியாத குறியீடு ஒன்றை அதில் ஒளித்துவைத்தார்கள். கணினியில் போட்டால் அது திறக்காது. அதை வைத்து என்னைக் கள்ளன் ஆக்கியிருக்கிறார் அந்தத் தம்பி. பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எழுபதை நெருங்கும் வயதில் இந்த அவமானம் எனக்குத் தேவையா?

அவமானம் ஒருபுறம் இருக்கட்டும். பிளேயர் போனால் என்ன, பாட்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்துக்கொள்ளலாமே என்று உங்கள் தொலைபேசிப் பிரிவுப் பெண்பிள்ளை சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே சொன்ன காரணத்தால் அது நடக்காது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியின் முதல் மாதிரிகளில் எஸ்.ஏ.சி.டி. ஓடும், பின்னர் வந்தவற்றில் சோனியே அந்த வசதியை நீக்கிவிட்டது. பழைய மென்பொருளோடு தப்பிப் பிழைத்த அந்த முதல் மாதிரிகளைத் தேடிப்பிடித்து, வெளிநாடுகளில் ஆட்கள் தங்கள் சேகரிப்பைக் கோப்புகளாக மாற்றி வைக்கிறார்கள். திருகோணமலையில் நான் அதற்கு எங்கே போவேன்? பூட்டு பத்திரமாக இருக்கிறது, திறப்பைக் கடலில் போட்டுவிட்டார்கள் என்ற கதைதான் என்னுடையது. அந்தத் திறப்பை விற்றவர்கள் நீங்கள்.

போனில் எல்லாம் இருக்கிறதாம். என்னிடமுள்ளவற்றில் சில, ஐந்து ஒலிபெருக்கிக்கென்று கலந்தவை. அந்தக் கலவை போனில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். இருப்பவையும் உரிமம் முடிந்ததும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகின்றன. அலுமாரியில் இருப்பது அப்படி மறையாது.

மறையாமல் இருக்க நான் படும் பாடு உங்களுக்குத் தெரியுமா? உவர்மலையில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் கதவுப் பிணைச்சல்கூடத் துருவேறும். இறுவட்டுக்குள் இருப்பது மெல்லிய அலுமினியப் படை; ஈரமும் உப்புக்காற்றும் விளிம்பால் புகுந்தால் அது ஒட்சியேற்றமடைந்து ஓட்டை ஓட்டையாகப் போய்விடும். அதனால் நிமிர்த்தி அடுக்கி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மழைக்காலத்தில் அதை மாற்றி, துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் மட்டுமே துடைத்து வைத்திருக்கிறேன். சுற்றிச் சுற்றித் துடைக்கக்கூடாது. கீறல் விழுந்தால் தடத்தோடு சேர்ந்து நெடுகப் போகும். என் மனைவியைக்கூடத் தொடவிடுவதில்லை. (அவர் அதைப் பற்றி உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதக்கூடும்.)

இப்படிக் காத்த இறுவட்டு ஒன்றின் மேல்பக்கத்தில் உங்கள் சேவை நிலையம் வேலை இலக்கச் சீட்டை ஒட்டியிருக்கிறது. பெட்டியில் இடமில்லையா? உறையில் இடமில்லையா? பரிசோதனைக்கு உதவட்டும் என்று நான் கொடுத்தனுப்பிய கலப்பு இறுவட்டு அது, பியானோ. பரிசோதனைக்கு அதை அவர்கள் பயன்படுத்தவில்லை, சீட்டு ஒட்ட மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சீடிப் படை இருப்பது அந்த மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய மெருகுப் பூச்சுக்கு அடியில்தான். சீட்டை உரித்தால் பூச்சும் அலுமினியமும் சேர்ந்து உரிந்து வரும். உரிக்காமல் ஓடவிட்டால் ஒருபக்கப் பாரத்தில் தட்டு அதிரும். நேற்று இரவு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு மூலை ஏற்கெனவே கிளம்பியிருக்கிறது, அடியில் வெள்ளிநிறப் பொட்டு ஒன்று பசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் இதற்குப் பதில் சொல்வது?

உதிரிப்பாகம் பற்றிக் கேட்டபோது முதலில் 2022இன் டொலர் நெருக்கடியைச் சொன்னார்கள், இறக்குமதித் தடை என்றார்கள். அந்தத் தடைகளில் பெரும்பாலானவை 2023இலேயே தளர்த்தப்பட்டுவிட்டன. பிறகு, அந்த ஹெட் இப்போது தயாரிப்பில் இல்லை என்றார்கள். இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே? ஒப்போ 2018இல் புதிய பிளேயர்கள் செய்வதை நிறுத்தியபோது, சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்கான புளூ-ரே பிளேயர்களைக் கைவிட்டபோது, இனி இந்தச் சாமான் கிடைக்காது என்று பயந்துதான் உங்கள் கிளைக்கு ஓடிவந்தேன். ‘இதுதான் கடைசிப் பெட்டி ஐயா, விட்டால் கிடைக்காது, உதிரிப்பாகத்துக்கு நாங்கள் பொறுப்பு’ என்று விற்றார்கள். எல்ஜியும் இப்போது புளூ-ரே பிளேயர்களை நிறுத்திவிட்டது. உலகமே கைவிடும் பொருள் என்பது எனக்குத் தெரியும். கைவிடப்போகும் பொருளைப் பொறுப்பேற்று விற்றவர் பொறுப்பைக் கைவிடலாமா என்பதே என் கேள்வி.

கண்டிப் பயணத்தை எழுத மறந்துவிடக் கூடாது. உங்கள் அழைப்பு நிலையம் ஒரு திகதி கொடுத்தது. அன்று போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) அல்லவா என்று நானே கேட்டேன். ‘சேவை நிலையம் திறந்திருக்கும், வாருங்கள்’ என்று உறுதியாகச் சொன்னார்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பஸ்ஸில் குலுங்கி, பிளேயருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்தால், இரும்புக் கதவு பூட்டிக்கிடக்கிறது. காவலாளி ஒருவர்தான் இருந்தார். கதிரை போட்டு, தண்ணீர் தந்து, “நேற்றும் ஒரு ஐயா இப்படித்தான் தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்தார், ஓடியோ வேலை இங்கே நிறுத்திப் பல காலம் ஆயிற்று” என்றார். உங்கள் நிறுவனத்தில் உண்மை பேசிய ஒரே மனிதர் அவர். அவருக்குச் சம்பளம் கூட்டுங்கள்.

என் கோரிக்கை இதுதான். எஸ்.ஏ.சி.டி. தெரிந்த ஒருவரைக் கொண்டு, எஸ்.ஏ.சி.டி. இறுவட்டைப் போட்டு, பிளேயரை மறுபடி சோதியுங்கள். லேசர் ஹெட்டை மாற்றித் தாருங்கள். முடியாவிட்டால் எஸ்.ஏ.சி.டி.யும் டி.வி.டி. ஓடியோவும் ஓடும் வேறொரு பிளேயரைத் தாருங்கள். உங்கள் கிளை ‘நல்லெண்ண அடிப்படையில்’ தர முன்வந்த புளூடூத் ஒலிபெருக்கி எனக்கு வேண்டாம். அதை அந்தச் சேவை மேசைத் தம்பிக்கே கொடுங்கள், போனில் பாட்டுக் கேட்கட்டும். 4,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கெட்டுப்போன இறுவட்டுக்கும், பயணச் செலவுக்கும், மன உளைச்சலுக்கும் சேர்த்துப் பத்து லட்சம் ரூபாய் நட்டஈடு கேட்கிறேன். கூடுதல் என்று நினைக்காதீர்கள். ஒரு மனிதன் கடலில் கழித்த காலமெல்லாம் சேர்த்தது இன்று ஒரு சதத்துக்கும் பயனின்றி அலுமாரியில் கிடக்கிறது.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. வீட்டில் உள்ள குளிர்சாதனப் பெட்டியும் உங்களிடம் வாங்கியதுதான், நன்றாகவே ஓடுகிறது. இரண்டு வாரத்துக்குள் தகுந்த பதில் வருமென்று நம்புகிறேன். வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் எழுத்துமூல முறைப்பாடு செய்வேன். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து விசாரித்துவிட்டேன், தாள்கள் எல்லாம் தயார். ஜப்பானில் உள்ள உங்கள் தாய் நிறுவனத்துக்கும் வேலைச்சீட்டின் பிரதியோடு எழுதுவேன். ‘சீடி இயங்குகிறது’ என்ற வரியை அவர்கள் வாசிக்கட்டும். பதிலைத் தமிழில் அனுப்புங்கள். இதுவரை வந்த குறுஞ்செய்திகள் ஒன்றையும் மற்றவர் உதவியின்றி என்னால் வாசிக்க முடியவில்லை.

இங்ஙனம்,
உண்மையுள்ள வாடிக்கையாளர்,
(பெயரும் வேலை இலக்கமும் இணைப்பில்)

பி.கு.: பிளேயரின் தொலை இயக்கி இன்னும் உங்கள் சேவை நிலையத்தில்தான் இருக்கிறது. எஸ்.ஏ.சி.டி. படைக்கும் சீடிப் படைக்கும் மாற்றும் விசை அதில் மட்டுமே உண்டு. அதை இந்த வாரமே அனுப்புங்கள், எதையும் அதன்மேல் ஒட்டாமல்.